நிறமேறாத சாரை

"பாம்பு ஒண்ணு கிடக்கு, உங்களுதானான்னு வந்து பாருங்க" என்று தொலைபேசி வந்தால் இசோகாய் மோரிஹிகோ இப்போதெல்லாம் கேள்வி கேட்பதில்லை. "ம்" என்று சொல்லிவிட்டு ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இரண்டு வாரமாக இதுதான் பிழைப்பு. கோயில் சாக்கடையில் ஒன்று, மருந்துக்கடை மதிலில் ஒன்று, ஆரம்பப் பள்ளி முயல் கூண்டுக்குப் பின்னால் ஒன்று. பிறந்ததிலிருந்து சாரைப்பாம்பைப் பார்த்துப் பார்த்துச் சலித்த ஊர் அது. கூரையில் சாரை இருந்தால் எலி தொல்லை இல்லை என்று விட்டுவிடுகிறவர்கள். இசோகாய் வீட்டுப் பாம்பு தப்பித்துவிட்டது என்று ஒரு சுற்றறிக்கைப் பலகை வீடு வீடாகப் போனதுதான் தாமதம், கண்ணில் படும் ஒவ்வொரு பாம்பும் அவருடையதாகிவிட்டது.

அந்தப் பலகையை எழுதும்போதே அவருக்கு மானம் போயிற்று. எழுதி முடித்து, தெருப் பொறுப்பாளர் நெஸு அம்மாளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"விஷம் இல்லை, அடிக்க வேண்டாம், சரி. நிறம் சாதாரணம்னு போட்டிருக்கீங்களே இசோகாய்-சான். சாதாரணம்னா என்ன?"

"பழுப்பு. கொஞ்சம் பச்சை கலந்தாப்புல இருக்கும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா? கோடு இருக்குமா, முதுகுல?"

"லேசா இருக்கும். இல்லாமலும் இருக்கும்."

"நம்ம ஊர்ல ஊர்ற பாம்பு எல்லாமே இதுதானே. உங்க நீலப் பாம்புல ஒண்ணு ஓடியிருந்தா கண்ணை மூடிக்கிட்டுப் பிடிச்சிருக்கலாம். அந்த வெள்ளைப் பாம்பு பத்திரமா இருக்குல்ல?"

வெள்ளை பத்திரமாகத்தான் இருந்தது. செல்வத்தின் தேவிக்கு அது தூதுவன் என்பதால், அது உரித்த தோலில் ஒரு துண்டை நெஸு அம்மாள் தன் பர்ஸில் வைத்திருக்கிறாள். வெள்ளை என்றால் ஊரே கும்பிடும். பாம்பு வளர்க்கிற கூட்டமோ வெள்ளையைத் திரும்பிப் பார்க்காது, அதற்கு நீலம் வேண்டும். பழுப்பைக் கேட்பார் இரண்டு பக்கத்திலும் கிடையாது.

இசோகாய் நீலத்துக்காகப் பாதி வாழ்க்கையைக் கொடுத்தவர். வடக்குத் தீவிலிருந்து வந்த சாரைகளின் வம்சத்தில் சில மட்டும் வளர வளர நீலமாகும். குஞ்சில் ஒரு மண்ணும் தெரியாது. எல்லாக் குஞ்சுகளும் முதுகில் ஏணிப்படி போன்ற பழுப்புத் திட்டுகளோடு, விரியன் குட்டியா என்று பயப்படும்படி பிறக்கும். அடுத்த வருஷம் திட்டு மங்கும். அதற்கடுத்த வருஷம் அடியில் என்ன நிறம் ஒளிந்திருக்கிறது என்று மெல்லத் தெரியவரும். ஒவ்வொரு முறை தோல் உரித்ததும் ஜன்னலோரம் கொண்டுபோய், மேகமூட்டமான நாளின் வெளிச்சத்தில் படம் எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். எஃகு நீலம், மழை நீலம், வாலுக்குப் போகப் போகப் பச்சையாகிற நீலம் என்று அவர் பிரிக்கிற பிரிவு வேறு யாருக்கும் புரியாது. வாலின் நுனியைக் காட்டினால் போதும், எது எந்தத் தாயின் குட்டி என்று சொல்லிவிடுவார்.

தப்பித்தது அப்படி ஒன்றல்ல. எட்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய மிகச் சிறந்த ஜோடிக்குப் பொரித்த குஞ்சுகளில் மற்ற எல்லாம் நீலத்துக்குத் திரும்பின, ஒன்று மட்டும் திரும்பவில்லை. திட்டு மறைந்தது. அடியிலிருந்து வந்தது மண் நிறம். இன்னும் ஒரு வருஷம் பார்த்தார், அதே மண். இது தேறாது என்று முடிவு கட்டி, பாம்பு தின்கிற பாம்பு வளர்க்கும் ஓர் ஆளுக்குக் கொடுப்பதாகப் பேசியும் விட்டார். பெட்டியோடு வாசலுக்குப் போனவரின் கையிலிருந்து மனைவி ஃபுசாயே அதை வாங்கிக்கொண்டாள்.

"இது எனக்கு" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

கோபோ என்று பெயர் வைத்தாள். கோபோ ஒரு கிழங்கு. மண்ணிலிருந்து பிடுங்கினால் முழநீளத்துக்குப் பழுப்பாக வரும், கவர்ச்சி என்று சொல்ல ஒன்றும் இருக்காது. சாப்பாடு கட்டிக் கொடுக்கும் கடை வேலையில் அவள் தினமும் சீவுகிற கிழங்கு. அன்றிலிருந்து அந்தப் பாம்பின் தண்ணீர், எலி, சுத்தம் எல்லாம் அவள் பொறுப்பு. இசோகாய் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரவில் அவள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது சட்டைக் கைக்குள் ஏதோ நெளியும், கோபோ என்று தெரியும். அவள் விரல்களில் எப்போதும் ஒன்றிரண்டு பிளாஸ்திரி இருக்கும். கிழங்கு சீவுகிற கை, கத்தி பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வார். படுக்க வரும்போது கையில் எலுமிச்சை வாசம் வீசும். அதைப் பற்றி ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை.

மார்ச் மாதத்தில் ஃபுசாயேவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு கொஞ்சம் நிதானப்பட்டதோடு தப்பியது. வலது காலும் கையும் போய், கால் மட்டும் மெல்லத் திரும்பி வந்தது. கை வரவில்லை. இசோகாய் பள்ளிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் லாரியை ஓட்டுகிறார். விடிகாலையில் எழுந்து, பாத்திரம் ஏற்றி, பாத்திரம் இறக்கி, அங்கிருந்து மருத்துவமனைக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டுக்கு வந்து ஒரு அறை நிறையப் பாம்புகளுக்குத் தண்ணீர் மாற்றிப் படுத்தால், கண் மூடுவதற்குள் மறுபடியும் லாரி. உடம்பு ஒரு பக்கம் கிடக்கும், ஆள் வேறெங்கோ கிடப்பார். அப்படி ஒரு மாலையில் கோபோவின் பெட்டியை மூடி ஒரு பக்கக் கொக்கியைப் போட்டார். மருத்துவமனையிலிருந்து தொலைபேசி அடித்தது. மறு பக்கக் கொக்கியைப் போட்டதாக நினைத்துக்கொண்டார்.

காலையில் பெட்டியில் தண்ணீர்க் கிண்ணம் மட்டும் இருந்தது.

ஃபுசாயேவிடம் அவர் சொல்லவில்லை. அவள் எதையும் கேட்கிற ஆளில்லை. மழை வருகிறதா, கூரை ஒழுகுகிறதா என்றுகூடக் கேட்க மாட்டாள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்பாள்.

"கோபோ சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா."

"இந்தச் சனிக்கிழமை ஒரு ராத்திரி வீட்டுல இருந்து பாக்கட்டும்னு டாக்டர் சொல்லிட்டார். வாசப்படி, குளியலறை எல்லாம் சரிப்படுதான்னு பாக்கணுமாம்." அவள் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு அவளைப் பாக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

இசோகாய் தலையாட்டினார். சனிக்கிழமைக்குள் அந்தப் பாம்பு பெட்டியில் இருந்தாக வேண்டும். நாட்களை எண்ணிப் பார்க்கவும் தெம்பில்லாமல் பேருந்தில் ஏறினார்.

அன்று வீட்டுக்குள் நுழையும் முன்பே நெஸு அம்மாள் குடையோடு வாசலில் நின்றாள்.

"எங்க கொட்டகையில இருக்கு. குருவிக் கூட்டை நாசம் பண்ணிடுச்சு. இந்த வருஷம் முதல் முறையா வந்து கட்டின கூடு, இசோகாய்-சான்."

கொட்டகைக்குள் இருட்டாக இருந்தது. ஒழுகுகிற கூரைக்கு அடியில் பெரிய நீலத் தார்ப்பாயைக் கட்டியிருந்தார்கள். அதன் வழியாக வந்த வெளிச்சத்தில் மண்வெட்டி, உரமூட்டை, நெஸு அம்மாளின் முகம் எல்லாமே நீலம் பூத்திருந்தன. விட்டத்தின் மேல் பாம்பு கிடந்தது. விழுங்கிய முட்டைகள் வரிசையாக வயிற்றில் புடைத்திருந்தன. பழுப்புப் பாம்பு. புடைத்த இடங்களில் செதில்கள் விலகி, நடுவில் நீலம் தெரிந்தது. அவர் ஓரடி கிட்டே போனார். பிறகு தலைக்கு மேலிருந்த தார்ப்பாயைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். கையும்தான் நீலமாக இருந்தது. வயசான காலத்தில் எங்கே பார்த்தாலும் இதே நினைப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டு கையை நீட்டினார்.

அது மணிக்கட்டில் கடித்தது. சும்மா ஒரு கொத்து அல்ல, பிடித்துக்கொண்டு மென்றது. அவர் விடுவிக்க விடுவிக்க, வாலடியிலிருந்து காட்டுச் சாரைக்கே உரிய நாற்றத்தை முழங்கை வரை பீய்ச்சியது. நெஸு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு மழையில் போய் நின்றாள்.

"உங்களுதா?"

"இல்ல. இது காட்டுது. வீட்டுல வளர்ந்தது இப்படிப் பண்ணாது. எட்டு வருஷம் மனுஷக் கையில இருந்தது கடிக்குமா, நாறுமா?"

"இங்க விட்டுட்டுப் போயிடாதீங்க. முன்னாடியே பொரிஞ்ச ஒரு குஞ்சு மிச்சமிருக்கு."

கோணிப்பையில் போட்டு ஆற்றங்கரைக்கு எடுத்துப் போனார். மூங்கில் புதருக்குப் பக்கத்தில் பையை அவிழ்த்ததும் அது திரும்பிப் பார்க்காமல் போயிற்று. இருட்டிக்கொண்டு வந்தது, நிறம் ஒன்றும் தெரியவில்லை. கை கழுவினார், கழுவினார், நாற்றம் போகவில்லை.

வியாழக்கிழமை நண்பர் உவேமாட்சு வந்தார். அவரும் சாரை வளர்ப்பவர், இரண்டு ஊர் தள்ளி இருக்கிறார், வாய் மட்டும் பத்து ஊருக்குக் காணும். கையில் ஒரு துணிப்பை.

"பேரிக்காய்த் தோட்டத்துக்காரர் ஒருத்தர் பிடிச்சு வெச்சிருந்தார். இது உன் பாம்புதான்னு சத்தியம் பண்றார். பாத்துச் சொல்லு."

பாம்பு சாந்தமாக வெளியே வந்து இசோகாயின் கையைச் சுற்றிக்கொண்டது. ஒலிவப் பச்சை. முதுகில் புகை போல நான்கு கோடுகள்.

"இதுவா?" என்றார் உவேமாட்சு.

இசோகாய் பாம்பை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டார். கைபேசியைத் திறந்தார். ஆயிரக்கணக்கில் படங்கள். நீலம், நீலம், வால் நீலம், தலை நீலம், இடையிடையே வெள்ளை. விரலால் தள்ளித் தள்ளி வருஷங்கள் ஓடின. ஃபுசாயேவிடம் போன பிறகு கோபோவை எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒரு படத்தின் மூலையில், அழகாக ஒளி விழுந்த நீலப் பாம்புக்குப் பின்னால், ஃபுசாயேவின் மடியில் மங்கலாக ஒரு பழுப்புச் சுருள் தெரிந்தது. பெரிதாக்கினால் வெறும் கட்டங்கள்.

"உன் வீட்டுப் பாம்பே உனக்கு அடையாளம் தெரியலையா? இதை நான் வெளியில சொன்னா அடுத்த பாம்புச் சந்தையில உன் மேஜைக்கு ஒருத்தன் வரமாட்டான்."

"நீலமா இருந்தா தெரியும்."

"நீலமா இருந்தா என் மச்சினிக்கே தெரியும்யா."

"கிண்டல் பண்ணாதே. எனக்கு முடியல."

உவேமாட்சு நண்பரின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அது அபூர்வம். பிறகு, "கடிக்கல, நாறல, கையில நிக்குது. மனுஷன் கை பழகினதுதான். வெச்சுக்கோ" என்றார்.

இசோகாய்க்கும் அப்படித்தான் பட்டது. படவேண்டும் என்று அவருக்கு ஆசையும் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை, உறைய வைத்த எலியை வெந்நீரில் இளக்கி இடுக்கியில் நீட்டினார். அது முகர்ந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டது. காட்டுப் பாம்பு செத்த எலியை இடுக்கியிலிருந்து எடுக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பசித்தால் எடுக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். பெட்டியை மூடி இரண்டு கொக்கிகளையும் போட்டு, மறுபடியும் தொட்டுப் பார்த்தார்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. ஃபுசாயே ஊன்றுகோலோடு வாசற்படியை ஒவ்வொரு காலாக ஏறினாள். நெஸு அம்மாள் இனிப்புக் கொழுக்கட்டையோடு வந்து, குருவிக்கு ஒரு குஞ்சு மிச்சம் என்ற கதையை ஆரம்பித்தாள். தெருக்கோடியில் யாரோ கூப்பிட, நல்லவேளை போய்விட்டாள். ஃபுசாயே தன் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை.

"கொண்டாங்க அவளை."

அவர் பெட்டியைக் கொண்டுவந்தார். பாம்பை எடுத்து அவளுடைய இடது கைப் பக்கமாக நீட்டினார்.

"அதுல இல்ல. இந்தக் கையில" என்று வலது கையை மடியிலிருந்து தூக்கி நாற்காலிக் கைப்பிடியின் மேல் வைத்தாள்.

"அது வேண்டாமே. பிடிமானம் இருக்காது, விழுந்திடும்."

"விழட்டும். இந்தக் கையில விடுங்க."

விட்டார். பாம்பு அந்த அசையாத விரல்களுக்கு நடுவே மெல்ல நுழைந்து, மணிக்கட்டைச் சுற்றி, அங்கேயே தலையை வைத்துக்கொண்டது. ஃபுசாயே கண்ணை எடுக்காமல் காத்திருந்தாள். எதற்குக் காத்திருக்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. வெகு நேரம் ஆயிற்று. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்து, டீ போடலாமென்று எழுந்தார்.

"ஏங்க."

"ம்?"

"யார் இவ?"

இசோகாய் நின்ற இடத்திலேயே நின்றார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார், அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

"கொக்கி போட மறந்துட்டேன்" என்றார். "மே மாசக் கடைசியில. தேடாத இடமில்ல. இவதான் கோபோன்னு நினைச்சேன். அடக்கமா இருந்தா."

"கோபோ அடக்கமா?" ஃபுசாயேவின் முகத்தின் நல்ல பாதி சிரித்தது. "அவ கடிப்பா. பெட்டியைத் திறந்தா முதல்ல ஒரு கடி. அப்புறம் மேலெல்லாம் நாத்தம். அதுக்கப்புறம்தான் சட்டைக் கைக்குள்ள போய்ப் படுப்பா. எங்கிட்ட வந்ததுலேருந்து அப்படித்தான். நான் எலுமிச்சம்பழம் போட்டுக் கை கழுவறது எதுக்குன்னு நினைச்சீங்க?"

"நீ சொல்லவே இல்லையே."

"சொன்னா குடுத்திருப்பீங்க. நிறமும் இல்ல, குணமும் இல்லன்னு."

அவர் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவள் சொன்னது நியாயம்தான். கொடுத்திருப்பார்.

"ஆஸ்பத்திரியில இந்தக் கையில ஊசியால குத்திக் குத்திக் கேக்கறாங்க" என்றாள் ஃபுசாயே. "தெரியுதா, தெரியுதான்னு. குத்தற பொண்ணு முகத்தைப் பாத்தா பாவமா இருக்கும். தெரியுதுன்னு சொல்லிடுவேன். நிஜமா தெரியுதான்னு எனக்கே புரியல. கோபோ கடிச்சா பொய் சொல்ல முடியாதுல்ல? அதுக்குத்தான் இத்தனை நாளா காத்துக்கிட்டிருந்தேன். இவ என்னடான்னா படுத்துத் தூங்கறா."

பாம்பு மணிக்கட்டில் அசையாமல் கிடந்தது. அதை எடுத்துப் பெட்டியில் விட வேண்டும் என்று இசோகாய்க்குத் தோன்றியது, ஆனால் கை எழவில்லை.

"அப்புறம் நிறம் இல்லைன்னு நீங்கதான் சொன்னீங்க" என்றாள் அவள். "நல்லா சாப்பிட்டு வயிறு புடைச்சா செதில் விலகும். நடுவுல தோலு அப்படியே நீலம். நீங்க வளர்த்ததுல எதுலயும் அந்த நீலம் கிடையாது. ஒருநாள் கூப்பிட்டுக் காட்டலாம்னு இருந்தேன். காட்டினா எங்கிட்டேருந்து வாங்கிப்பீங்கன்னு விட்டுட்டேன்."

அவருக்கு நெஸு அம்மாளின் கொட்டகை, விட்டம், புடைத்த வயிறு, தலைக்கு மேலே தார்ப்பாய் எல்லாம் வரிசையாக வந்தன. அத்தனை வருஷம் ஜன்னலோரத்தில் தேடிய நிறத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்துவிட்டு, தார்ப்பாயின் சாயல் என்று அவரே தீர்ப்புச் சொன்னார். பையை அவிழ்த்து அவரே ஆற்றங்கரையில் விட்டார். நீலம் போனதற்காக அழுகை வரும் என்றுதான் எதிர்பார்த்தார். வந்தது அவளுடைய பிளாஸ்திரி போட்ட விரல்களை நினைத்து.

சட்டைக் கையைச் சுருட்டி மணிக்கட்டை நீட்டினார். கடித்த இடத்தில் சின்னச் சின்னப் பொருக்குகள் வளைவாக இரண்டு வரிசை கட்டியிருந்தன.

ஃபுசாயே குனிந்து பார்த்தாள்.

"இது அவதான்" என்றாள். "மேல்வரிசை நடுவுல ஒரு பல் இல்ல பாருங்க. எங்க பாத்தீங்க?"

"நெஸு வீட்டுக் கொட்டகையில. காட்டுப் பாம்புன்னு நினைச்சு ஆத்தங்கரையில விட்டுட்டேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே குருவிகள் சத்தம் போட்டன.

"முட்டை தின்னாளா?"

"மூணு நாலு தின்னிருப்பா."

"அப்ப பிழைச்சுப்பா." இடது கையால் மணிக்கட்டில் கிடந்த பாம்பைக் காட்டினாள். "இவளை நாளைக்குப் பிடிச்ச இடத்துலயே விட்டுட்டு வாங்க. வர வழியில ஆத்தங்கரையையும் பாருங்க. கடிச்சா கொண்டாங்க."

இசோகாய் பாம்பை எடுத்துப் பெட்டியில் விட்டார். திரும்பி வந்தபோது அவள் அவருடைய மணிக்கட்டைக் கேட்டு வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இடது கையால் வலது கையைத் தூக்கி, அதன் சுட்டுவிரல் நுனியைப் பொருக்குகளின் மேல் வைத்தாள்.

"வலிச்சுதா?"

"வலிச்சுது."

"நல்லா?"

"நல்லாவே."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். விரல் மெதுவாக இழுபட்டது. "சொரசொரன்னு இருக்கு" என்றாள்.

அவர் நம்பவில்லை. அந்த ஊசிக்காரப் பெண்ணிடம் சொல்வதைத்தான் தன்னிடமும் சொல்கிறாள் என்று பட்டது. சத்தமில்லாமல், அவளுக்குத் தெரியாமல், கையைக் கொஞ்சம் நகர்த்தினார். விரல் இப்போது வெறும் தோலில் இருந்தது.

"இங்க ஒண்ணும் இல்ல" என்றாள் ஃபுசாயே, கண்ணைத் திறக்காமல். "எங்க கொண்டு போனீங்க?"

இசோகாய் கையை மறுபடியும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்.

"இதோ" என்றாள் அவள்.